கஸ்ஸோ ஆலையும் லாரா மேர்ஸ்க் கப்பலும்: பசுமை ஹைட்ரஜன் எரிபொருள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2021ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பல் நிறுவனம், கரியமில வாயுக் கணக்கில் சுமை ஏற்றாத தனது முதல் சரக்குக் கப்பலை 2030க்குப் பதிலாக 2023லேயே கடலில் இறக்கப்போவதாக அறிவித்தது. அதே ஆண்டில் இரண்டு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. தென்கொரியாவின் உல்சான் நகரிலுள்ள ஹூண்டாய் மிப்போ கப்பல்கட்டும் தளத்திடம், மெத்தனாலிலும் வழக்கமான எண்ணெயிலும் ஓடக்கூடிய சிறிய கொள்கலன் கப்பல் ஒன்றுக்கான ஆணை தரப்பட்டது. அக்கப்பலுக்கு ஆண்டுதோறும் தேவைப்படும் சுமார் 10,000 டன் மெத்தனாலைப் பசுமை ஹைட்ரஜனிலிருந்து (புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தால் நீரைப் பகுத்துப் பெறும் ஹைட்ரஜனிலிருந்து) தயாரித்துத் தருவதற்கு, யூரோப்பியன் எனர்ஜி நிறுவனத்தின் துணை நிறுவனத்துடன் ஆகஸ்ட் மாதம் உடன்பாடு ஏற்பட்டது. கப்பலும் எரிபொருளும் 2023இல் தயாராக வேண்டும் என்பது திட்டம்.

கப்பல் சொன்ன காலத்தில் வந்துவிட்டது. 172 மீட்டர் நீளமும் சுமார் 2,100 இருபதடிக் கொள்கலன்களைச் சுமக்கும் திறனும் கொண்ட அது, 2023 ஜூலையில் உல்சானிலிருந்து புறப்பட்டு, சிங்கப்பூரில் மெத்தனால் நிரப்பிக்கொண்டு, சூயஸ் கால்வாய் வழியாகக் கோபன்ஹேகனை அடைந்து, செப்டம்பர் மாதம் லாரா மேர்ஸ்க் என்று பெயர் சூட்டப்பெற்றது. ஆனால் அந்த நெடும்பயணத்தில் அதன் எஞ்சினுக்குள் சென்றது ஹைட்ரஜனிலிருந்து பிறந்த மெத்தனால் அன்று. உயிரிக் கழிவிலிருந்து வந்த மெத்தனால். ஹைட்ரஜன் வழியாக அதைத் தயாரிக்க வேண்டிய ஆலை, டென்மார்க்கின் தென்பகுதியில் ஆபன்ரா நகருக்கு அருகிலுள்ள கஸ்ஸோ என்னும் சிற்றூரில், 2025 மே மாதத்தில்தான் முறையாகத் திறக்கப்பட்டது.

கப்பல் கட்டுவது எளிதாகவும் அதற்கு எரிபொருள் சமைப்பது கடினமாகவும் இருந்தது ஏன் என்பதே இந்த ஆய்வின் கேள்வி. தொழில்நுட்பம் முதிரவில்லை என்ற வழக்கமான விடை இந்த நிகழ்வுக்குப் பொருந்தவில்லை என்பது என் கருத்து. நீரைப் பகுக்கும் கலை நூறாண்டு பழையது. மெத்தனால் உலைகளும் அவ்வாறே. தாமதத்தின் வேரைத் தேட வேண்டிய இடம் வேறு.

ஹைட்ரஜன் ஏன் வேறு உருவில் பயணிக்கிறது

ஒரு கிலோ ஹைட்ரஜனில் சுமார் 33 யூனிட் ஆற்றல் உள்ளது. எடைக்கு எடை பார்த்தால் எண்ணெயைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆனால் கப்பலிலும் விமானத்திலும் எடையைவிட இடம்தான் முதலில் தட்டுப்படுகிறது. மைனஸ் 253 பாகை செல்சியஸுக்குக் குளிர்வித்துத் திரவமாக்கினாலும் ஒரு கனமீட்டர் ஹைட்ரஜன் 71 கிலோதான் எடையுள்ளது. அதே ஆற்றலைத் தாங்கும் விமான மண்ணெண்ணெய்க்குத் தேவையான இடத்தைப் போல் நான்கு மடங்கு இடத்தை அது கேட்கிறது. அத்தோடு, அந்தக் குளிரைக் காக்கும் வெற்றிடச் சுவருள்ள கொள்கலனும் வேண்டும். நார்வேயில் ஹைட்ரா என்னும் 82 மீட்டர் படகு 2023 முதல் திரவ ஹைட்ரஜனில் ஓடுகிறது. 80 கனமீட்டர் தொட்டி, குறுகிய கடற்கால்வாய்ப் பயணம், நாள்தோறும் அதே துறைக்குத் திரும்பும் வழக்கம் ஆகியவை சேர்ந்ததால் அங்கே அது சாத்தியமாயிற்று. அப்போதும் அதற்கான ஹைட்ரஜன் ஜெர்மனியின் லொய்னா நகரிலிருந்து லாரியில் வந்தது. பெருங்கடலைக் கடக்கும் கொள்கலன் கப்பலுக்கு இந்த வழி பொருந்தாது.

ஆகவே ஹைட்ரஜனை வேறொரு மூலக்கூறுக்குள் புகுத்தி அனுப்ப வேண்டியுள்ளது. நைட்ரஜனோடு சேர்த்தால் அமோனியா. கரியமில வாயுவோடு சேர்த்தால் மெத்தனால். அமோனியாவுக்குக் கார்பன் தேவையில்லை என்பது பெரிய ஆதாயம்தான், ஆனால் சிறு கசிவே உயிரைப் பறிக்கக்கூடிய நச்சு அது. மெத்தனாலோ சாதாரண வெப்பநிலையில் திரவமாக இருப்பது. பல துறைமுகங்களில் ஏற்கெனவே கையாளப்படுவது.

லாரா மேர்ஸ்க்கின் எஞ்சின் அறையில் இந்தத் தேர்வு எப்படித் தெரிகிறது என்று பார்ப்பது பயனுள்ளது. மெத்தனால் தானாகப் பற்றிக்கொள்வதில் மந்தமானது. எனவே ஒவ்வொரு சுழற்சியிலும் முதலில் சிறிதளவு டீசல் பீய்ச்சப்பட்டு, அது மூட்டிய நெருப்பில்தான் மெத்தனால் எரிகிறது. வழக்கமான கப்பல் எண்ணெய் 60 பாகைக்குக் கீழே தீப்பற்றும் ஆவியை வெளியிடக்கூடாது என்பது விதி. மெத்தனாலோ 11, 12 பாகையிலேயே அத்தகைய ஆவியைத் தருவது. அதனால் அதன் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டைச் சுவருடன் அமைக்கப்பட்டு, இடைவெளியிலுள்ள காற்று தொடர்ந்து உறிஞ்சப்பட்டு, கசிவு உண்டா என்று உணரிகளால் சோதிக்கப்படுகிறது. தொட்டியின் மேல்வெளியை நைட்ரஜன் நிரப்புகிறது. மெத்தனால் எரியும்போது பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரிவதே அரிது என்பதால், தீயணைப்புப் பயிற்சியும் மாறுகிறது. ஒரு டன் கன எண்ணெய் தரும் ஆற்றலுக்கு இரண்டு டன் மெத்தனால் வேண்டும். கொள்ளளவில் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. இவை அனைத்தும் கப்பல் கட்டுவோர் வரைபடத்தில் தீர்த்துவிடக்கூடிய சிக்கல்களே, தீர்த்தும்விட்டார்கள். 2024 தொடக்கத்தில், 16,000க்கும் மேற்பட்ட கொள்கலன்களைச் சுமக்கும் ஆனே மேர்ஸ்க் அதே முறையில் பணிக்கு வந்தது.

கஸ்ஸோவின் கணக்கு

கஸ்ஸோ ஆலை ஆண்டுக்கு 42,000 டன் வரை மெத்தனால் தயாரிக்கும் திறனுடையது. யூரோப்பியன் எனர்ஜியும் ஜப்பானின் மிட்சுய் நிறுவனமும் இதன் உரிமையாளர்கள். நீரை மின்சாரத்தால் பகுத்து ஹைட்ரஜனைப் பிரிக்கும், சீமென்ஸ் எனர்ஜி தந்த மின்பகுப்பான்களின் மொத்தத் திறன் சுமார் 52 மெகாவாட். பக்கத்திலேயே 304 மெகாவாட் சூரிய மின்பூங்கா விரிந்து கிடக்கிறது. கரியமில வாயு, உயிரிவாயு ஆலையிலிருந்து வருகிறது. அங்கே மீத்தேனைத் தூய்மைப்படுத்தும்போது பிரித்தெடுக்கப்பட்டு வீணே வானில் விடப்பட்டிருக்கக்கூடிய வாயு அது. எஞ்சும் வெப்பம் அருகிலுள்ள வீடுகளுக்கான பொது வெந்நீர்க் குழாய்களுக்குச் செல்கிறது.

வேதியியல் கணக்கு எளியது. மூன்று மூலக்கூறு ஹைட்ரஜனும் ஒரு மூலக்கூறு கரியமில வாயுவும் சேர்ந்தால் ஒரு மூலக்கூறு மெத்தனாலும் ஒரு மூலக்கூறு நீரும் கிடைக்கும். எடையில் சொன்னால், ஒரு டன் மெத்தனாலுக்கு ஏறத்தாழ 190 கிலோ ஹைட்ரஜனும் 1.4 டன் கரியமில வாயுவும் தேவை. ஒரு கிலோ ஹைட்ரஜனைப் பிரிக்க நடைமுறையில் 50 முதல் 55 யூனிட் மின்சாரம் செலவாவதால், ஒரு டன் மெத்தனாலுக்குள் சுமார் 10,000 யூனிட் மின்சாரம் போகிறது. அந்த ஒரு டன்னை எரித்தால் 5,500 யூனிட் அளவுக்கு வெப்பம் கிடைக்கிறது. அதில் பாதியைத்தான் கப்பல் எஞ்சின் சுழலியின் சுழற்சியாக மாற்றும். ஆக, ஆலைக்குள் நுழைந்த மின்சாரத்தில் கால் பங்குக்குச் சற்றே மேல்தான் கப்பலைத் தள்ளுகிறது. மின்கலத்தில் ஓடும் வாகனத்தோடு இதை ஒப்பிட்டுக் குறைசொல்வோர் உண்டு. அந்த ஒப்பீடு கடலைக் கடக்கும் கப்பலுக்குப் பொருளற்றது என்றாலும், மின்சாரத்தின் விலையே எரிபொருளின் விலையை முடிவுசெய்யும் என்பதை இந்தக் கணக்கு ஐயமின்றிக் காட்டுகிறது. மெகாவாட் மணிக்கு 50 யூரோ என்று மலிவாகவே வைத்துக்கொண்டாலும், ஒரு டன் மெத்தனாலில் மின்சாரத்துக்கு மட்டும் 500 யூரோ ஆகிறது. அதே ஆற்றலைத் தரும் அரை டன் கன எண்ணெய், டன் 500 யூரோவுக்கு விற்கும்போது, 250 யூரோதான். மின்பகுப்பானின் முதலீட்டையும் வட்டியையும் ஊழியர் ஊதியத்தையும் கரியமில வாயுவின் விலையையும் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

சூரியனைப் பற்றி மற்றொரு கணக்கு. முழுத் திறனில் ஆலை ஓடினால் ஆண்டுக்கு 42 கோடி யூனிட் மின்சாரம் வேண்டும். டென்மார்க் இருக்கும் அட்சரேகையில் 304 மெகாவாட் சூரியப் பூங்கா ஆண்டுக்குச் சுமார் 30 கோடி யூனிட்டே தரும். அதிலும் பெரும்பகுதி கோடையில், பகலில். மின்பகுப்பான் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும்; நொடிகளில் கூட்டலாம், குறைக்கலாம். அடுத்து நிற்கும் மெத்தனால் உலையோ, 200 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்திலும் உயர்ந்த அழுத்தத்திலும் சீராக ஓடவே விரும்புவது. எனவே மீதி மின்சாரம் பொதுக் கட்டமைப்பிலிருந்து வந்தாக வேண்டும். அங்கே ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி குறுக்கிடுகிறது: பசுமை என்ற முத்திரை பெற, பயன்படுத்திய மின்சாரமும் புதுப்பிக்கத்தக்க உற்பத்தியும் 2029 முடியும்வரை மாதக் கணக்கில் ஒத்துப்போனால் போதும், 2030 முதல் மணிக் கணக்கில் ஒத்துப்போக வேண்டும். விதிவிலக்குகள் சில இருந்தாலும், சூரியனை மட்டுமே நம்பும் ஆலைக்கு இரவு என்பது அப்போது பொறியியல் பிரச்சினையாக மட்டுமல்லாமல் சான்றிதழ்ப் பிரச்சினையாகவும் ஆகிவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு, கஸ்ஸோவின் முழு ஆண்டு உற்பத்தி ஈடுசெய்யக்கூடியது சுமார் 21,000 டன் கன எண்ணெயை. உலகின் பெரிய கப்பல்கள் ஆண்டுக்கு 20 கோடி டன்னுக்கு மேல் எரிபொருள் எரிக்கின்றன. அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

ஸ்வீடனில் நின்றுபோன ஆலை

கஸ்ஸோவைத் தனியாகப் பார்த்தால் அது தாமதமாக வந்த வெற்றி என்று மட்டும் தோன்றும். பக்கத்து நாட்டில் நடந்ததை அருகில் வைத்தால்தான் பாடம் விளங்கும். வட ஸ்வீடனின் ஓர்ன்ஷோல்ட்ஸ்வீக் நகரில், ஆண்டுக்கு 50,000 டன் மெத்தனால் தயாரிக்கும் ஃபிளாக்ஷிப்ஒன் ஆலையைக் கட்ட, டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் நிறுவனம் 2022 டிசம்பரில் முதலீட்டு முடிவை எடுத்தது. 2023 மே மாதம் பணி தொடங்கியது. குறைசொல்ல முடியாத இடத் தேர்வு அது. மலிவான நீர்மின்சாரமும் காற்றாலையும் உள்ள பகுதி. மரக்கழிவை எரிக்கும் மின்நிலையம் அருகிலேயே இருந்ததால் உயிரி மூலமுள்ள கரியமில வாயுவுக்கும் குறைவில்லை. நிறுவனமோ கடற்காற்றாலைகளை உலகெங்கும் கட்டிப் பழகியது. இருந்தும் 2024 ஆகஸ்டில் ஓர்ஸ்டெட் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. கட்டுபடியாகும் விலையில் நீண்டகாலக் கொள்முதல் ஒப்பந்தங்கள் கிடைக்கவில்லை என்பதும் செலவு கூடிவிட்டது என்பதும் அது சொன்ன காரணங்கள்.

கஸ்ஸோவுக்கு இருந்ததும் ஓர்ன்ஷோல்ட்ஸ்வீக்குக்கு இல்லாததும் கையெழுத்திட்ட வாங்குவோர்தான். கஸ்ஸோவிடம் மேர்ஸ்க் மட்டுமன்றி, பிளாஸ்டிக் மூலப்பொருளாக மெத்தனாலைப் பயன்படுத்த விரும்பிய லெகோவும் மருந்து நிறுவனமான நோவோ நார்டிஸ்க்கும் வாங்குவதாக ஒப்புக்கொண்டிருந்தன. பொம்மைக் கட்டையும் ஊசிக்குழாயும் எடை குறைந்தவை; ஒரு பொருளின் விலையில் மெத்தனாலின் பங்கு அற்பமாக இருப்பதால், அவற்றைச் செய்வோரால் கூடுதல் விலையைத் தாங்க முடியும். கப்பலுக்கென்று பேசப்பட்ட ஆலையின் கடன்சுமையில் ஒரு பகுதியைப் பொம்மை சுமக்கிறது என்பது, துறை மாநாடுகளில் அதிகம் சொல்லப்படாத செய்தி.

கப்பலின் சுதந்திரம், ஆலையின் சிறை

இந்த நிகழ்வின் மையம் என்று நான் கருதுவது இரட்டை எரிபொருள் எஞ்சின் என்னும் ஏற்பாட்டைத்தான். அந்த ஏற்பாடு இருந்ததால்தான் கப்பல் உரிமையாளர் துணிந்து ஆணை கொடுத்தார்: பசுமை மெத்தனால் கிடைத்தால் அதில் ஓடலாம்; கிடைக்காவிட்டால் இயற்கை எரிவாயுவிலிருந்து வரும் சாதாரண மெத்தனாலில் ஓடலாம்; அதுவும் வேண்டாமென்றால் பழைய எண்ணெய் இருக்கவே இருக்கிறது. சாதாரண மெத்தனாலின் முழு ஆயுள் உமிழ்வு கன எண்ணெயைவிடக் குறைந்ததன்று என்பதால், மெத்தனால் கப்பல் என்ற பெயர்ப்பலகை மட்டும் எதையும் உறுதிசெய்யாது. கப்பலுக்குள்ள இந்தச் சுதந்திரமே ஆலைக்குச் சிறையாகிறது. கடன் கொடுக்கும் வங்கி பார்ப்பது, நாளை எண்ணெய் விலை சரிந்தால் வாங்குவோர் விலகிவிடுவாரா என்பதை. விலகலாம் என்ற வசதியோடுதான் எஞ்சினே கட்டப்பட்டிருக்கிறது. ஆலைக்கோ மாற்றுவழி கிடையாது. அடுத்த 20 ஆண்டுகளுக்கு அது ஒரே பொருளைத்தான் செய்ய முடியும். மேர்ஸ்க்கே 2024 டிசம்பரில் திரவ இயற்கை எரிவாயுவிலும் ஓடும் 20 புதிய கப்பல்களுக்கு ஆணை கொடுத்ததை, கொள்கைத் துரோகமாகப் பார்ப்பதைவிட, தெரிவுகளைத் திறந்து வைத்துக்கொள்ளும் அதே பழக்கத்தின் தொடர்ச்சியாகப் பார்ப்பதே நியாயம்.

இந்தச் சமமின்மையைச் சட்டம்தான் ஓரளவு நிரவ முடியும். 2025இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் கப்பல் எரிபொருள் விதி, கப்பல்கள் பயன்படுத்தும் ஆற்றலின் உமிழ்வுச் செறிவை (ஓர் அலகு ஆற்றலுக்கு வெளியாகும் பசுங்குடில் வாயுவின் அளவை) அந்த ஆண்டில் 2%, 2030இல் 6%, 2050இல் 80% குறைக்கச் சொல்கிறது. ஹைட்ரஜன் வழி எரிபொருளை 2033 முடியும்வரை இரு மடங்காக எண்ணிக்கொள்ளவும், ஒரு கப்பலின் மிகுதியைப் பல கப்பல்களின் குறையோடு சேர்த்துக் காட்டவும் அது அனுமதிக்கிறது. சிறிய கப்பலான லாரா மேர்ஸ்க் பசுமை மெத்தனாலை எரிப்பதால் அதன் உரிமையாளரின் பிற கப்பல்களும் பயன்பெறக்கூடும் என்பது இதனால்தான். உலகளாவிய விதி இன்னும் வரவில்லை. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2050ஐ ஒட்டி நிகர உமிழ்வைச் சுழியமாக்கும் இலக்கை 2023இல் ஏற்றது. உமிழ்வுக்கு விலை வைக்கும் சட்டகத்துக்கு 2025 ஏப்ரலில் ஒப்புதலும் தந்தது. ஆனால் அதை முறையாக நிறைவேற்ற வேண்டிய கூட்டம் 2025 அக்டோபரில் ஓராண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது.

விமானத்துக்கு இதில் என்ன இருக்கிறது

விமானத் துறையில் இரண்டு வழிகள் பேசப்படுகின்றன. இரண்டும் மேற்சொன்ன சமமின்மையின் இரண்டு எல்லைகளில் நிற்கின்றன.

முதல் வழி, ஹைட்ரஜனையே எரிபொருளாகக் கொண்ட விமானம். சோவியத் ஒன்றியத்தின் டுபொலேவ்-155 விமானம் 1988 ஏப்ரலிலேயே, தன் மூன்று எஞ்சின்களில் ஒன்றைத் திரவ ஹைட்ரஜனில் ஓட்டிப் பறந்து காட்டியது. 2023 செப்டம்பரில் ஸ்லோவேனியாவின் மாரிபோரில் ஹெச்ஒய்4 என்னும் நான்கு இருக்கைச் சோதனை விமானம் திரவ ஹைட்ரஜனில் மூன்று மணி நேரத்துக்கு மேல் பறந்தது. பறக்க முடியுமா என்பது இங்கு கேள்வியே அன்று. மண்ணெண்ணெய் இறக்கைக்குள் அடங்கிவிடும். குளிர்ந்த ஹைட்ரஜனுக்கு உருளைத் தொட்டி வேண்டும். அது உடற்பகுதிக்குள் நுழைந்து இருக்கைகளைப் பறிக்கும். விமானத்தை வாங்குபவர் அது போகும் ஒவ்வொரு நிலையத்திலும் திரவ ஹைட்ரஜன் கிடைக்கும் என்று நம்பியாக வேண்டும். பழைய எரிபொருளுக்குத் திரும்ப வழியில்லை. எல்லாவற்றையும் பணயம் வைக்கச் சொல்லும் இந்த வழியில் 2020இல் 2035ஐ இலக்காக அறிவித்த ஏர்பஸ், 2025 தொடக்கத்தில் அந்த ஆண்டை எட்ட முடியாது என்று ஒப்புக்கொண்டது. சோதனை விமானம் ஒன்றைப் பறக்கவிட்ட அமெரிக்காவின் யூனிவர்சல் ஹைட்ரஜன் நிறுவனம் 2024இல் மூடப்பட்டது.

இரண்டாவது வழி, ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் சேர்த்துச் செயற்கை மண்ணெண்ணெய் தயாரிப்பது. 2021 ஜனவரியில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து மாட்ரிட் சென்ற கேஎல்எம் விமானம், வழக்கமான எரிபொருளோடு 500 லிட்டர் செயற்கை மண்ணெண்ணெயையும் கலந்து பறந்தது. பயணிகளுக்கு வேறுபாடு எதுவும் தெரிந்திருக்காது. விமானத்தில் ஒரு திருகாணியைக்கூட மாற்ற வேண்டாம் என்பது இதன் சிறப்பு. அதனாலேயே விமான நிறுவனம் எதற்கும் கட்டுப்பட வேண்டாம் என்பது இதன் ஊனம். கப்பல் உரிமையாளராவது சிறப்பு எஞ்சினுக்கும் கூடுதல் தொட்டிக்கும் பணம் கொடுத்துத் தன் எண்ணத்தை ஓரளவு காட்டுகிறார். கார்பன் தேவையும் இங்கே அதிகம்: ஒரு டன் மண்ணெண்ணெய்க்குக் குறைந்தது 430 கிலோ ஹைட்ரஜனும் 3.1 டன் கரியமில வாயுவும் வேண்டும். மின்நிலையங்களின் புதைபடிவப் புகையை 2036 தொடக்கத்திலும் ஏனைய தொழிற்சாலைகளின் புகையை 2041 தொடக்கத்திலும் ஐரோப்பிய விதி பசுமை எரிபொருளுக்கு ஏற்கத்தக்க கரியமில வாயுவின் கணக்கிலிருந்து நீக்கிவிடுவதால், உயிரிவாயு ஆலைக்கும் மரக்கழிவு மின்நிலையத்துக்கும் முன்னால் கப்பல்காரரும் விமானக்காரரும் ஒரே வரிசையில் நிற்கப்போகிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் இங்கே கப்பல் விதியைவிடக் கடுமையான பாதையை எடுத்திருக்கிறது. விமான எரிபொருள் விற்போர் 2030, 2031 ஆண்டுகளில் சராசரியாக 1.2%, 2035இல் 5%, 2050இல் 35% செயற்கை எரிபொருளைக் கலந்தே விற்க வேண்டும். தவறினால், இரு எரிபொருள்களின் விலை வேறுபாட்டைப் போல் குறைந்தது இரு மடங்கு அபராதம் கட்ட வேண்டும். கட்டிய பிறகும் விடுபட்ட அளவை அடுத்த ஆண்டு விற்றுத் தீர்க்க வேண்டும். காசைக் கொடுத்துக் கடமையிலிருந்து தப்பிக்கும் வாசலை அடைக்கும் இந்த ஏற்பாடுதான், ஓர்ன்ஷோல்ட்ஸ்வீக்கில் இல்லாமல் போன வாங்குவோரை உருவாக்கக்கூடியது.

1.2% என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஐரோப்பாவின் நுகர்வில் அது ஆண்டுக்கு 5 இலட்சம் டன்னை எட்டும். அதற்கான ஹைட்ரஜனை மட்டும் எடுத்துக்கொண்டாலும், கஸ்ஸோ அளவிலான மின்பகுப்பு ஆலைகள் 25க்கு மேல் தேவை. எரிபொருள் உடன்பாடு கையெழுத்தான 2021 ஆகஸ்டிலிருந்து ஆலை திறக்கப்பட்ட 2025 மே வரை கஸ்ஸோவுக்கு 45 மாதங்கள் பிடித்தன. 2030 ஜனவரியில் எரிபொருள் தர வேண்டிய ஆலைக்கு அதே கால அளவைப் பின்னோக்கி எண்ணினால், கையெழுத்திட வேண்டிய மாதம் 2026 ஏப்ரல் என்று வருகிறது.